அழுக்கின் இலக்கணம்

ஈரோடு டீசல் ஷெட்டில் பிட்டராக வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரிடம் என் மாதிரி ரயில் என்ஜினைக் காட்டினேன். ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான நீளத்தில் ஒரு டபிள்யூடிஎம்-2 டீசல் என்ஜின். இரண்டு வாரம் உட்கார்ந்து, பழுப்பும் கருப்பும் பூசி, நெடுநாள் ஓடிக் களைத்த வண்டிபோல் ஆக்கியிருந்தேன். அவர் அதை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வேலைப்பாடு நல்லாத்தான் இருக்குதுங்க தம்பி. ஆனா இது ஓடுன வண்டி இல்லீங்க. சேத்துல உருண்டு எந்திரிச்ச வண்டி."

"எப்படிங்க சொல்றீங்க?"

"ஏறுற கம்பியில துரு புடிச்சிருக்குது பாருங்க. நாளைக்கு எத்தனை பேரு அதைப் புடிச்சு ஏறி இறங்குவோம்! அங்க எப்படிங்க துரு நிக்கும்? டேங்க் வாய்க்குக் கீழ டீசல் வழிஞ்ச தடமே இல்ல. மேல புகைவாய்கிட்ட கரி இல்ல. நாலு பக்கமும் ஒரே அழுக்கு. அழுக்கு அப்படி வராதுங்க."

'அழுக்கு அப்படி வராது.' அவர் சொன்ன இந்த வார்த்தைதான் இந்த அத்தியாயம். ஓர் என்ஜின் மேல் படிந்த ஒவ்வொரு கறைக்கும் ஓர் ஊற்று உண்டு. அதைக் கொண்டுவந்து சேர்த்த காற்றோ நீரோ கையோ உண்டு. அது எவ்வளவு காலமாக அங்கே இருக்கிறது என்பதை அதன் நிறமே சொல்லிவிடும். மாதிரி ரயில் செய்பவர்கள் உலகெங்கும் 'வெதரிங்' என்று அழைக்கும் கலை, அந்தக் காரணங்களைப் படித்துவிட்டுத் தூரிகையை எடுப்பது. நிலவியலாளர்கள் வெயிலும் மழையும் பாறையைச் சிதைப்பதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் சொல்லும் இதுவேதான்.

முதலில் வண்டியைப் பற்றிக் கொஞ்சம். டபிள்யூடிஎம்-2, அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் ஸ்கெனெக்டடி நகரில் இயங்கிய ஆல்கோ நிறுவனத்தின் வடிவமைப்பு. 1962இல் முதல் வண்டிகள் கடல் கடந்து வந்தன. 1964இலிருந்து வாரணாசியில் நாமே செய்யத் தொடங்கினோம். பெயரில் உள்ள 'டபிள்யூ' அகலப் பாதையையும், 'டி' டீசலையும், 'எம்' பயணிகள் வண்டி, சரக்கு வண்டி இரண்டுக்கும் ஏற்றது என்பதையும் குறிக்கும். 16 சிலிண்டர், 2,600 குதிரைத் திறன், 112.8 டன் எடை, மணிக்கு 120 கிலோமீட்டர் வேகம். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் நாடெங்கும் ஓடின. ஈரோட்டிலும் பொன்மலையிலும் ரயிலேறி வளர்ந்தவர்களுக்கு அதன் இரைச்சலும் கரும்புகையும் மறக்காது.

17.12 மீட்டர் நீளமுள்ள அந்த வண்டியை 87இல் ஒரு பங்காகச் சுருக்கினால் 197 மில்லிமீட்டர் வரும். 'எச்ஓ' என்று வழங்கும் உலகளாவிய அளவு இது. பிளாஸ்டிக்கில் அச்சிட்டோ வார்த்தோ உடலைச் செய்துவிடலாம். ஜன்னல், கதவு, ஆணித்தலை எல்லாவற்றையும் 87இல் ஒரு பங்காக்கிவிடலாம். ஆனால் இயற்கையின் விசைகள் அப்படிச் சுருங்குவதில்லை. இந்தக் கலையின் கடினமும் அழகும் அங்கேதான் இருக்கின்றன.

மழையை எடுத்துக்கொள்ளுங்கள். உண்மையான என்ஜினின் பக்கச் சுவரில் விழும் மழைநீர், தூசியை வாரிக்கொண்டு கோடுகோடாக வழியும். நீரின் எடை அதைக் கீழே இழுக்கிறது. அதன் பரப்பு இழுவிசை அதை உருண்டையாகப் பிடித்து நிறுத்தப் பார்க்கிறது. இந்த இரண்டில் எது வெல்லும் என்பதை ஒரு நீளம் தீர்மானிக்கிறது. தண்ணீருக்கு அது சுமார் 2.7 மில்லிமீட்டர். அதைவிடப் பெரிய அளவுகளில் எடை ஆளும்; சிறிய அளவுகளில் பரப்பு இழுவிசை ஆளும். இரண்டு மீட்டர் உயரச் சுவரில் மழை வழிந்தோடுவதும், வாழையிலையில் விழுந்த சிறு துளி முத்தாக நிற்பதும் இதனால்தான். மாதிரி என்ஜினின் பக்கச் சுவரோ மூன்று சென்டிமீட்டர்கூட வராது. அதில் 2 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு துளி நின்றால், உண்மை வண்டியின் அளவில் அது 17 சென்டிமீட்டர் துளி! அப்படியொரு துளி எந்த ரயிலிலும் தொங்கியதில்லை.

ஆகவே மழையை மாதிரியின் மேல் பெய்வித்து மழைக்கறையைப் பெற முடியாது. எண்ணெய்ச் சாயத்தைக் கடுகளவு எடுத்து, ஜன்னலின் கீழ் மூலையில், கதவுக் கீலின் அடியில், காற்றுச் சட்டங்களின் விளிம்பில் புள்ளிபுள்ளியாக வைக்க வேண்டும். பின் டர்பன்டைனில் நனைத்துத் துணியில் ஒற்றிய தட்டைத் தூரிகையால் மேலிருந்து கீழாக ஒரே இழுப்பு. புவியீர்ப்பு செய்யும் வேலையை இங்கே நம் மணிக்கட்டு செய்கிறது. கோடு தொடங்கும் இடத்தில் அடர்ந்தும், இறங்க இறங்க மெலிந்தும் இருக்க வேண்டும். தூசியைச் சுமந்த நீர் வழிநெடுகக் கொஞ்சம் கொஞ்சமாக அதை இறக்கிவைத்துக்கொண்டே போவதால் வரும் வடிவம் அது. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கோடுகள் செங்குத்தாகவே இருக்க வேண்டும். இம்மியளவு சாய்ந்தாலும் கண் கண்டுபிடித்துவிடும்.

இனி வண்டியின் அடியிலிருந்து தொடங்குவோம். பேச்சுத் தமிழில் ரயில் பெட்டியைத்தான் போகி என்கிறோம். ரயில்வேக்காரர்களுக்குப் போகி என்பது பெட்டிக்கோ என்ஜினுக்கோ அடியில், சக்கரங்களையும் அச்சுகளையும் தாங்கும் சட்டகம். டபிள்யூடிஎம்-2வில் மும்மூன்று அச்சுகளோடு இரண்டு போகிகள். அவை ஏறக்குறைய எல்லா வண்டிகளிலும் ஒருவிதச் செம்பழுப்பாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது மண் என்றுதான் நானும் பல ஆண்டுகள் நினைத்திருந்தேன். அதில் பெரும்பகுதி இரும்பு. வார்ப்பிரும்பாலான பிரேக் கட்டைகள் ஓடும் சக்கரத்தை அழுத்தித் தேய்க்கும்போது, கண்ணுக்குத் தெரியாத இரும்புத் துகள்கள் பறக்கின்றன. பறக்கும்போது அவை கருஞ்சாம்பல். போகியின் எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டி, காற்றின் ஈரத்தில் சில நாள் இருந்தால் துருப்பிடித்துப் பழுப்பாகும். சட்டகத்தின் இரும்பு துருப்பிடிக்கவே இல்லை. அதன் மேல் படிந்த தூள்தான் துரு. இந்த வேறுபாடு முக்கியம். தூளாகப் படிந்த துரு மிருதுவாக, சீராக, ஒளியற்றதாக இருக்கும். உலோகத்திலேயே பூக்கும் துரு திட்டுத்திட்டாக, சொரசொரப்பாக இருக்கும். போகிக்கு முதல்வகை வேண்டும். பிற்காலத்தில் வந்த கூட்டுப்பொருள் பிரேக் கட்டைகள் பொருத்திய வண்டிகளில் இந்தச் செம்மை குறைந்து, கரும்பழுப்பு மிகும். எந்தக் காலத்து வண்டியைச் செய்கிறோம் என்று முதலிலேயே முடிவெடுத்துக்கொள்வது நல்லது.

சக்கரத்துக்கு முன்னால் ஒரு மெல்லிய குழாய் தண்டவாளத்தை நோக்கி இறங்கும். மழையில் சக்கரம் வழுக்கினால் அழுத்தக் காற்றோடு மணலைத் தூவும் குழாய் அது. அதைச் சுற்றி மட்டும் வெளிறிய மணற்பூச்சு இருக்கும். டீசல் தொட்டியின் வாய்க்குக் கீழே நேர்மாறான காட்சி. வழிந்த டீசல் அங்கிருந்த தூசியை நனைத்து, கருத்து, பளபளப்பான நாக்குப் போல இறங்கியிருக்கும். வண்டி முழுதும் ஒளியிழந்து கிடக்க, இந்த ஓரிடம் மட்டும் ஈரமாக மினுங்கும். மாதிரியில் இதற்கு ஒரு துளி பளபள வார்னிஷில் கடுகளவு கரும்பழுப்பு கலந்தால் போதும். மொத்த வண்டியிலும் பார்ப்பவர் கண்ணை நிறுத்துவது இந்த ஒரு சொட்டுதான்.

மேலே போவோம். ஆல்கோ என்ஜின்களுக்கு அமெரிக்க ரயில் ஆர்வலர்கள் 'கௌரவ நீராவி என்ஜின்' என்று பெயர் வைத்திருந்தார்கள். காரணம் புகை. லோகோ பைலட்டின் கைப்பிடிக்கு எட்டு படிகள் உண்டு; 'நாட்ச்' என்பார்கள். நாட்சைக் கூட்டியதும் சிலிண்டருக்குள் டீசல் உடனே அதிகமாகப் பாய்கிறது. அதை எரிக்கத் தேவையான காற்றைத் திணிப்பது டர்போ. அந்த டர்போவைச் சுழற்றுவதோ வெளியேறும் புகையின் வேகம். எனவே புகை கூடிய பிறகுதான் டர்போ வேகம் பிடிக்கும். டர்போ வேகம் பிடித்த பிறகுதான் காற்று கூடும். இடைப்பட்ட சில நொடிகளில் டீசல் மிகுதி, காற்று குறைவு. எரியாத கரி கருந்தூணாக எழும். நிலையத்தை விட்டு வண்டி கிளம்பும் அந்தச் சில நொடிகள்தாம் கூரையின் நிறத்தை ஆண்டுக்கணக்காகத் தீட்டிக்கொண்டிருந்தன.

அந்தக் கரியின் அடிப்படை உருண்டைகள் சில பத்து நானோமீட்டர் அளவே கொண்டவை. கொத்துக்கொத்தாகச் சேர்ந்து மிதப்பவை. விளக்குச் சுடரின் மேல் தட்டைக் கவிழ்த்துப் பிடித்துக் கண்மை செய்வோமே, அந்தக் கரியும் இந்தக் கரியும் ஒரே குடும்பம். ஓவியர்கள் 'லேம்ப் பிளாக்' என்று வாங்கும் சாயமும் அதுதான். ஆக, மாதிரியின் கூரையில் நாம் பூசுவது கரியின் சாயலை அல்ல, கரியையேதான். புகைவாயைச் சுற்றி அடர்கருப்பு, அங்கிருந்து முன்னும் பின்னும் மெலிந்துகொண்டே போகும் நிழல். இந்த வண்டி இரு திசையிலும் ஓடும் என்பதால் இரு பக்கமும் பரவும். பக்கச் சுவரின் மேல் விளிம்பு வரை கொஞ்சம் இறங்கலாம். அதற்குக் கீழே வந்தால் பொய்.

கூரைக்கும் சுவருக்கும் இன்னொரு வேறுபாடு வெயில். புற ஊதாக் கதிர்கள் பெயின்ட்டைப் பிடித்துவைத்திருக்கும் பசைப்பொருளின் மூலக்கூறுகளை அறுக்கின்றன. வெள்ளை நிறமியான டைட்டானியம் டை ஆக்சைடு கலந்த பெயின்ட் என்றால் அந்த நிறமியே வெயிலில் ஊக்கியாகி வேலையை விரைவுபடுத்தும். பசை போய்விட, நிறமித் தூள் மேலே தனித்து நிற்கும். பழைய இரும்புக் கேட்டைத் தொட்டால் விரலில் வெண்பொடி ஒட்டுமே, அதுதான். வானத்தைப் பார்த்திருக்கும் பரப்புகளில் இது அதிகம்; நிழலில் இருக்கும் கீழ்ப்பகுதிகளில் குறைவு. அதனால் ஒரே சிவப்பை முழு உடலுக்கும் அடித்துவிட்டுப் போகக் கூடாது. மேலே ஒரு பங்கு வெளிறிய சாயத்தை நிறையக் கரைப்பான் சேர்த்து ஏர்பிரஷில் மூடுபனிபோல் தெளிக்க வேண்டும். தூரம் கூடினால் துளிகள் காற்றிலேயே உலர்ந்து மணல்போல் ஒட்டிக்கொள்ளும். பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டருக்குள் நின்று தெளிப்பது என் வழக்கம்.

துருவுக்கு வருகிறேன். இதற்குத் தனி நூலே எழுதலாம்.

துரு ஏன் விளிம்பில் தொடங்குகிறது? ஈரமான பெயின்ட்டும் ஒரு திரவம். தன் பரப்பைச் சுருக்கிக்கொள்ளப் பார்க்கும். கூர்மையான விளிம்பிலிருந்து அது பின்வாங்கி உள்பக்கம் தடிக்கும். விளிம்பில் பூச்சு எப்போதும் மெலிவு. அங்கேதான் கல்லடி படும். அங்கேதான் ஈரம் நுழையும். நுழைந்தபின் நடப்பது மின்வேதியியல். கேம்பிரிட்ஜில் பணியாற்றிய யூலிக் எவன்ஸ் 1920களில் இதை ஒரு துளி உப்புநீரில் காட்டினார். சுத்தமான இரும்புத் தகட்டில் ஓர் உப்புநீர்த் துளி. துளியின் ஓரத்தில் காற்றின் ஆக்சிஜன் எளிதில் கிடைக்கிறது, நடுவில் கிடைப்பதில்லை. ஆக்சிஜன் குறைந்த நடுப்பகுதியில் இரும்பு கரைகிறது. ஓரத்தில் வேறு வினை நடக்கிறது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் வளையமாகத் துரு படிகிறது. ஒரே துளிக்குள் ஒரு சிறு மின்கலம்! பெயின்ட்டுக்கு அடியில் ஈரம் புகுந்தால் அதே கதைதான்: காற்று புகாத உள்பகுதியில் இரும்பு தின்னப்படுகிறது. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் அடைத்துக்கொள்வதால் பெயின்ட் கொப்புளமாக எழுந்து, வெடித்து, உதிர்கிறது. உப்பு அதிகமிருந்தால் மின்னோட்டம் எளிது. பாம்பன் கடலைக் கடந்து போய்வந்த டீசல் வண்டிக்கும் கோவைப் பக்கமே ஓடிய வண்டிக்கும் துருவில் வேறுபாடு இருந்தாக வேண்டும்.

துருவின் நிறம் அதன் வயது. புதிதாகப் பூத்தது ஆரஞ்சு. நாளாக ஆக, உள்கட்டமைப்பு மாறிப் பழுப்பாகும். காற்றுப் படாத அடியடுக்கு கருப்பாக, மாக்னடைட்டாக இருக்கும். தொடக்கநிலைக்காரர்கள் செய்யும் பெரிய தவறு, கண்ட இடமெல்லாம் பளீர் ஆரஞ்சை அப்புவது. அப்படிச் செய்தால் வண்டி முழுவதும் நேற்றுத்தான் துருப்பிடித்தது என்று ஆகிவிடும். பெரும்பகுதி அடர்பழுப்பு, அதன் நடுவில் ஊசிமுனை அளவு ஆரஞ்சு. அவ்வளவு போதும்.

இங்கே எனக்கு மிகப் பிடித்த உண்மை ஒன்று இருக்கிறது. ஓவியக் கடையில் கிடைக்கும் மஞ்சள் காவி எது? கோதைட் என்ற நீரேறிய இரும்பு ஆக்சைடு. பழைய துருவில் இருப்பது அதேதான். அதைச் சூடாக்கி நீரை விரட்டினால் சிவந்து ஹெமடைட் ஆகும். கோயில் மதிலில் வெள்ளைப் பட்டைக்கு அடுத்து ஓடும் காவிப் பட்டையின் சிவப்பு இது. கருப்பு இரும்பு ஆக்சைடு மாக்னடைட். ஆக, கரியைப் போலவே துருவிலும் நாம் வரைவதில்லை. பொருளையே எடுத்து அதன் இடத்தில் வைக்கிறோம். மாதிரி ரயிலில் எல்லாமே பிளாஸ்டிக். அழுக்கு மட்டும் நிஜம்.

நிஜம் என்பதால் ஆபத்தும் உண்டு. மாக்னடைட் காந்தத்தால் ஈர்க்கப்படும். என் இரண்டாவது என்ஜினில், உடலைக் கழற்றாமலே போகியின் மேல் கருப்பு இரும்பு ஆக்சைடுத் தூளைத் தாராளமாகத் தூவினேன். சில மணி நேரம் ஓடியதும் மோட்டாரில் அரைபடும் சத்தம் வந்தது. திறந்து பார்த்தால் மோட்டாரின் காந்தத்தைச் சுற்றிக் கருந்தூள் மயிர்போல் சிலிர்த்து நின்றது. அன்றிலிருந்து உடலைத் தனியே கழற்றி வைத்துத்தான் வேலை. கருப்புக்குக் கரி மட்டுமே.

இனி, நீர்த்த சாயத்தைப் பரவவிடும் 'வாஷ்'. கரும்பழுப்பு எண்ணெய்ச் சாயத்தை டர்பன்டைனில் டீத்தண்ணீர் பதத்துக்குக் கரைத்து, கதவு இடுக்கில் தூரிகை நுனியால் தொட்டால் போதும். இடுக்கு நெடுக அது தானே ஓடிப்போய் நிற்கும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறும் அதே நுண்புழை விசை. மழையின் விஷயத்தில் நமக்குக் குறுக்கே நின்ற பரப்பு இழுவிசை இங்கே நமக்காக உழைக்கிறது. தண்ணீரில் கரைத்த சாயம் இப்படி ஓடாமல் முத்துமுத்தாக நிற்பதுண்டு. தண்ணீரின் பரப்பு இழுவிசை டர்பன்டைனைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டால் அது தணியும். உடலுக்கு அக்ரிலிக் பெயின்ட் அடித்து, நன்றாக உலரவிட்டு, அதன் மேல் டர்பன்டைன் வாஷ் போடுவது பாதுகாப்பான வரிசை. மேலே வரும் கரைப்பான் கீழே உள்ள பூச்சைக் கரைக்கக் கூடாது. வெறும் பிளாஸ்டிக்கின் மேல் டர்பன்டைன் தேங்கினால், இறுக்கமாகப் பொருந்திய இடங்களில் விரிசல் விடும்.

வாஷ் தட்டையான பரப்பில் உலரும்போது ஒரு தொல்லை வரும். நடுவில் வெளிறி, ஓரத்தில் அடர்ந்த வளையம். மேசையில் சிந்திய பில்டர் காபி உலர்ந்தால் ஓரம் மட்டும் கருவளையமாக நிற்பதைப் பார்த்திருக்கிறோம். இதன் காரணத்தை 1997இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ராபர்ட் டீகனும் உடன் ஆய்வாளர்களும் 'நேச்சர்' இதழில் விளக்கினார்கள். துளியின் ஓரம் பரப்பின் சொரசொரப்பில் மாட்டிக்கொண்டு நகராமல் நிற்கிறது. ஓரத்தில்தான் ஆவியாதல் மிக வேகம். அந்த இழப்பை ஈடுகட்ட நடுவிலிருந்து திரவம் ஓரத்துக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது. போகும்போது துகள்களையும் கூட்டிப்போய் அங்கே குவிக்கிறது. 2011இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பீட்டர் யங்கரும் அர்ஜுன் யோதும் குழுவினரும், துகள்கள் உருண்டையாக இல்லாமல் நீள்வட்டமாக இருந்தால் வளையம் வராமல் சீராக உலரும் என்று காட்டினார்கள். நீண்ட துகள்கள் திரவத்தின் மேற்பரப்பிலேயே ஒன்றோடொன்று பிணைந்து, ஓரத்துக்குப் போகாமல் நின்றுவிடுகின்றன.

நம் சாயத்தின் துகள் வடிவத்தை நாம் மாற்ற முடியாது. ஓரத்தை மாற்றலாம். வாஷ் போட்ட ஒன்றிரண்டு நிமிடத்தில், அது முற்றாக உலரும் முன், சுத்தமான டர்பன்டைனில் நனைத்து ஒற்றிய தூரிகையால் ஓரத்தை மட்டும் மெல்லத் தடவ வேண்டும். மாட்டிக்கொண்ட ஓரம் விடுபடும். வளையம் கரைந்து நிழலாகும். சில இடங்களில் நான் அந்த வளையத்தை விட்டுவைப்பதும் உண்டு. என்ஜின் கூரையின் தட்டையான பகுதியில் மழைநீர் தேங்கி உலரும்போது அதே ஓட்டம் அதே வளையத்தைத்தான் வரைகிறது.

கடைசியாகத் தூசி. செங்குத்தான சுவரில் தூசி எப்படி நிற்கிறது? துகளைச் சுவரோடு ஒட்டவைக்கும் மூலக்கூறு விசை, துகளின் விட்டத்துக்கு ஏற்பக் குறைகிறது. எடையோ விட்டத்தின் முப்படிக்கு ஏற்பக் குறைகிறது. விட்டம் பாதியானால் ஒட்டும் விசை பாதி. எடை எட்டில் ஒன்று. போதிய அளவு சிறுத்துவிட்ட துகளுக்குத் தன் எடை ஒரு பொருட்டே இல்லை. சுவரில் நிற்கும், கூரையில் தலைகீழாகவும் நிற்கும். பெரிய மணல் துகள்கள் சக்கர உயரத்திலேயே விழுந்துவிட, மெல்லிய புழுதி மட்டும் மேலே ஏறும். எனவே அடிப்பகுதியில் அடர்த்தி, மேலே போகப் போக மெலிவு. ரேடியேட்டரின் பக்கவாட்டுச் சட்டங்களில் மட்டும் விதிவிலக்கு. அங்கே விசிறி காற்றை உள்ளே இழுப்பதால், உயரத்திலும் புழுதி வந்து அப்பிக்கொள்ளும். ஷெட்டில் கழுவும்போது தட்டையான நடுப்பகுதி வெளுக்கும். இடுக்கும் மூலையும் அப்படியே இருக்கும். கண்ணாடியில் வைப்பர் போகும் வளைவு மட்டும் துலங்கும்.

மாதிரியில் இதற்கு நிறமித் தூள். மிருதுவான தூரிகையால் ஒற்றி ஒற்றி வைக்க வேண்டும். அதற்கு முன் மேட் வார்னிஷ் அடித்துப் பரப்பைச் சொரசொரப்பாக்கினால்தான் தூள் பிடிக்கும். முகக்கவசம் அணியாமல் இந்த வேலையைச் செய்யாதீர்கள். சுவரில் ஒட்டும் அளவுக்கு நுண்ணிய தூள் நுரையீரலிலும் ஒட்டும்.

தூள் வைத்ததும் எல்லோரும் செய்வது, அது உதிராமலிருக்க மேலே வார்னிஷ் தெளிப்பது. தெளித்ததும் பாதி தூசி காணாமல் போகும்! தூள் வெளிறித் தெரிவதற்குக் காரணம், ஒவ்வொரு துகளுக்கும் காற்றுக்கும் இடையே ஒளி திசைமாறிச் சிதறுவது. சிதறலின் அளவு, துகளின் ஒளிவிலகல் எண்ணுக்கும் அதைச் சூழ்ந்த பொருளின் எண்ணுக்கும் உள்ள வேறுபாட்டைப் பொறுத்தது. காற்றின் எண் 1. மணலின் மூலப்பொருளான குவார்ட்ஸுக்குச் சுமார் 1.54. அக்ரிலிக் வார்னிஷுக்குச் சுமார் 1.5. காற்று இருந்த இடத்தை வார்னிஷ் நிரப்பியதும் வேறுபாடு அற்றுப்போய், தூசி கண்ணாடிபோல் ஆகிவிடுகிறது. மழை நனைத்த மண் கருத்துத் தெரிவதும் இதே கணக்கில்தான். ஆனால் ஹெமடைட்டின் எண் ஏறக்குறைய 3. அதை வார்னிஷால் மறைக்க முடியாது. அதனால்தான் துரு அப்படியே இருக்க, புழுதி மட்டும் மறைகிறது. இந்தக் காரணம் தெரியாதவரை நான் மூன்று முறை தூள் போட்டு மூன்று முறை இழந்தேன். இப்போது துருவை முடித்து வார்னிஷ் அடித்துவிடுகிறேன். புழுதியை அதற்கு மேல் வைத்து, மூடாமல் விட்டுவிடுகிறேன். என்ஜினைத் தொட்டால் அழியும். தொடாமல் பார்த்தால் போதும்.

எவ்வளவு நுணுக்கமாகச் செய்ய வேண்டும்? இதற்கும் கணக்கு உண்டு. மாதிரியை 60 சென்டிமீட்டர் தூரத்தில் வைத்துப் பார்க்கிறோம் என்றால், உண்மை வண்டியை 52 மீட்டர் தள்ளி நின்று பார்ப்பதற்குச் சமம். நல்ல பார்வையுள்ள கண் அந்த 60 சென்டிமீட்டரில் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய அளவு சுமார் 0.17 மில்லிமீட்டர். உண்மை வண்டியில் அது 15 மில்லிமீட்டர். அதைவிடச் சிறிய பெயின்ட் உரிசல்கள் 52 மீட்டரில் கண்ணுக்கே தெரியாது. தூரிகையால் ஒரு மில்லிமீட்டர் அகலத்தில் ஓர் உரிசல் போட்டால், உண்மையில் அது 9 சென்டிமீட்டர் பள்ளம். ஷெட்டில் அப்படியே விடமாட்டார்கள். பஞ்சுத் துணுக்கின் நுனியில் சாயம் தொட்டு, பெரும்பகுதியைத் தாளில் ஒற்றிவிட்டு, விளிம்பில் பட்டும் படாமலும் தட்டுவது சரியான அளவைத் தரும். சிறிய மாதிரிக்கு நிறத்தை வெளிறச் செய்ய வேண்டும், இடைப்பட்ட காற்று நிறத்தை மங்கவைக்கும் என்று பல கையேடுகள் சொல்கின்றன. தெளிந்த வானிலையில் 52 மீட்டர் காற்று அப்படி எதையும் செய்துவிடாது என்பது என் கருத்து. பொம்மையைப் பொம்மையாகக் காட்டிக்கொடுப்பது அதன் பளபளப்புதான். அதை அடக்கினாலே பாதி வேலை முடியும்.

எங்கே பூசக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். சக்கரம் தண்டவாளத்தைத் தொடும் பரப்பு. மாதிரி என்ஜின் தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தண்டவாளத்திலிருந்து சக்கரம் வழியாகவே எடுக்கிறது. அங்கே தூள் படிந்தால் வண்டி தடுமாறும், நிற்கும். உண்மை வண்டியிலும் அந்தப் பரப்பு ஓயாமல் தேய்ந்து வெள்ளிபோல் மின்னும். கைப்பிடிக் கம்பி, படியின் விளிம்பு, கதவுப் பிடி ஆகியவையும் அப்படித்தான். மென்பென்சில் கரியை விரலால் தேய்த்தால் அந்த உலோக மினுமினுப்பு வந்துவிடும். பெரியவர் முதலில் சுட்டிக்காட்டியது இந்தக் கம்பியைத்தான்.

ஆல்கோ நிறுவனம் 1969இல் என்ஜின் தயாரிப்பை நிறுத்திவிட்டது. நம் அகலப் பாதைகள் பெரும்பாலும் மின்மயமாகிவிட்டன. டபிள்யூடிஎம்-2 வரிசையின் 18040 எண் வண்டி டெல்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கழுவி, புதுப் பெயின்ட் அடித்து, அழகாக வைத்திருக்கிறார்கள். அருங்காட்சியகம் என்ஜினைக் காப்பாற்றும். அதன் மேல் படிந்த கரியையும் துருவையும் டீசல் தடத்தையும் காப்பாற்றாது. அவை பழைய படங்களிலும், கவனித்துச் செய்த மாதிரிகளிலும் மட்டுமே மிஞ்சும். உங்கள் ஊர் நிலையத்தில் இன்னும் ஒரு டீசல் என்ஜின் வந்து நிற்குமானால், அனுமதியுள்ள இடத்தில், பாதுகாப்பான தூரத்தில் நின்று அதைப் படம் எடுத்துவையுங்கள். முகப்பை எல்லோரும் எடுப்பார்கள். நீங்கள் போகியை எடுங்கள், தொட்டியின் வாயை எடுங்கள், நடைமேம்பாலத்தில் ஏறிக் கூரையை எடுங்கள். தேதியையும் ஊரையும் மறக்காமல் குறித்துவையுங்கள்.